கடைத்தெருவின் கதை

தீபாவளி நெருங்கினால், "கடைத்தெருவுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்று கிளம்பாத வீடு நம் ஜுரு வட்டாரத்தில் உண்டா? நாம் கடைத்தெரு என்கிற அந்த மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு, இன்றைய லெபோ பசாருக்கு, வயது இருநூறுக்கும் மேல். அதன் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கினார். காடு வெட்டப்பட்டுத் தெருக்கள் உருவாயின. எட்டே ஆண்டுகளில், 1794-இல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே குடியிருப்பதாக லைட் எழுதினார். சூலியாக்கள் என்றால் வேறு யாருமல்ல. பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். ஆக, நகரம் பிறந்தபோதே நம்மவர்களும் அங்கே இருந்தார்கள்.

1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றியது. 1833-இல் குயின் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. பக்கத்துப் பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்தினார்கள். தைப்பூச வெள்ளி இரதம் புறப்படுவதும் அந்தத் தெருக் கோயில் வீட்டிலிருந்துதான்.

அன்று கீழே கடை, மேலே குடியிருப்பு. கடைச் சிப்பந்திகள் மாடியிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். 1985-இல் பாலம் திறக்கும் வரை, நம் பெரியவர்கள் சம்பளப் பணத்தை முடிந்துகொண்டு பட்டர்வொர்த்தில் பெரி ஏறித்தான் அங்கே போனார்கள்.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை உயர விடாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் காவல் நீங்கியது. வாடகை ஏறிற்று. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பலர், "இனி இங்க கட்டுபடியாகாது" என்று மூட்டை கட்டினார்கள். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் சுவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் சுவருக்குள் வாழ்ந்தவர்களின் கதையைக் காப்பது யார்?

இது தீவின் கதை மட்டுமா? நம் பக்கத்தைப் பாருங்கள். தோட்டமாக இருந்த இடங்களில் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்துவிட்டன. கடைத்தெருவிலாவது கட்டடம் நிற்கிறது. இடித்த லயத்துக்கு அதுவும் இல்லை. நினைவில் இருப்பதுதான் மிச்சம்.

ஆகவே மாணவர்களே, அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போனால் துணிமணியை மட்டும் பார்க்காமல், தலை நிமிர்ந்து மேல்மாடி ஜன்னல்களையும் பாருங்கள். வீடு திரும்பியதும் தாத்தா பாட்டியிடம், "நீங்க மொதல் மொதல்ல எப்போ கடைத்தெருவுக்குப் போனீங்க? என்ன வாங்கினீங்க? அப்போ எந்த லயத்துல இருந்தீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நாள் கடத்தாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் சரித்திரத்தை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?