காற்றோட்ட இருக்கையின் பூர்வோத்தரம்

மோட்டார் வண்டிக்குள் குளிர்சாதனம் 1940-ஆம் வருஷத்திய பாக்கார்டிலேயே புகுந்துவிட்டதாயினும், அந்தக் காற்று முகத்தையும் மார்பையும் தழுவிச் சென்றதேயன்றி, இருக்கையோடு ஒட்டிக் கிடக்கும் முதுகை எட்டவில்லை. ரெக்ஸின் உறை போட்ட அம்பாசடரில் சித்திரை வெயிலில் பிரயாணம் செய்து, தொப்பலாய் நனைந்த சட்டையோடு இறங்கியவர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. டாக்சி ஓட்டுநர்கள் மரமணி கோத்த விரிப்பை இருக்கைமீது பரப்பியதும், முதுகுக்கும் உறைக்கும் நடுவே சிறிது காற்று புகட்டும் என்ற யுக்தியினால்தான்.

இக்குறையை யந்திரத்தால் தீர்க்க முற்பட்டவர்கள், வேடிக்கை என்னவென்றால், உறைபனிக்குப் பேர்போன சுவீடன் தேசத்தார். 1997-இல் வெளிவந்த சாப் 9-5 வண்டியில், துளையிட்ட தோலுறையின் கீழே சிறு விசிறிகளை அமைத்து, உடலருகே தேங்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் உள்ளிழுத்து அகற்றும்படி செய்தார்கள். இன்றும் இத்தகைய இருக்கைகளில் பெரும்பாலானவற்றில் காற்றைக் குளிர்விக்கும் சாதனம் ஏதுமில்லை. வியர்வை ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியே சகலமும். 2017-இல், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வெர்னாவில் இவ்வகை இருக்கை இடம்பெற்றபின், நம் நாட்டு மத்தியதர விலை வண்டிகளிலும் பரவலாயிற்று.

தோலுறையை விரும்பி, தினந்தோறும் நெடுநேரம் வெயிலில் ஓட்டுபவர் இதற்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்; துணியுறையே போதும் என்பவருக்கு இது அவசியமன்று.