நேவ்ஸ்மியர் தோட்ட வெளியேற்றம் (கேகாலை, 1946)

இலங்கையின் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு சுவீகரித்து, அங்கு குடியிருந்த இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளரை வெளியேறப் பணித்த நிகழ்வும், அதையொட்டி எழுந்த வேலைநிறுத்தமும் வழக்கும்.

பின்னணி: 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, ஆளற்ற நிலம் யாவும் முடிக்கே உரியன எனக் கொண்டது, அல்ல என்று நிரூபிப்பது கிராமத்தவர் பொறுப்பாயிற்று. சேனைப் பயிர்ச்செய்கை நிலங்கள் பல இவ்வழியே கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் றப்பருக்கும் போயின. கேகாலை அடங்கிய சபரகமுவக் கிராமங்களின் காணித் தட்டுப்பாடு உண்மையானது. ஆனால் அதைத் தீர்க்க வந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் பூர்வீக வதிவிடம் இலங்கையாக உள்ளவரையே ‘இலங்கையர்’ என்றது. இதனால் தோட்டத் தொழிலாளருக்கு அரச காணி எட்டாததாயிற்று.

வெளியேற்றமும் வழக்கும்: அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழ் விவசாய, காணி அமைச்சராயிருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. கிராம விஸ்தரிப்புக்கெனத் தோட்டம் எடுக்கப்பட்டது. வெளியேறச் சொல்லப்பட்ட தொழிலாளர் 400 பேரளவில் என்பர். எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. சௌமியமூர்த்தி தொண்டமானும் அப்துல் அஸீஸும் முன்னின்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1946இல் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. அது கேகாலைக்கு அப்பாலும் பரவியது.

லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பை விட்டு நகராதவர்கள் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அக்குற்றம் நிலைக்க, இடத்துக்குரியவரை எரிச்சலூட்டும் நோக்கமேனும் காட்டப்பட வேண்டும். காலமெல்லாம் குடியிருந்த காம்பிராவில் (லய அறையில்) தொடர்ந்து இருப்பது யாரை எரிச்சலூட்டுவதற்காக? இலங்கை நீதிமன்றங்களில் தோற்ற தொழிலாளி ஒருவரின் மேன்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் அவரது தண்டனை நீக்கப்பட்டது. தம் வீட்டில் தொடர்ந்து இருப்பதே அவருடைய முதன்மை நோக்கம். இடத்துக்குரியவர் எரிச்சலடைவார் என்று அறிந்திருந்தது மட்டும் எரிச்சலூட்டும் நோக்கமாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். கூலி என்று அழைக்கப்பட்ட ஒருவரின் காம்பிராவை வீடு என்றே கொண்டு பேசிய தீர்ப்பு என்பதால், மலையகச் சட்ட வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு.

விளைவுகள்: இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு இப்போராட்டமும் ஒரு தூண்டுதல் என்பர் சிலர், 1947 தேர்தலில் தோட்ட வாக்குகள் விழுந்த விதமே காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. 1950இல் தீர்ப்பு வந்தபோது அத்தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்திருந்தனர்.

பிற்காலம்: 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, வேலையும் லயமும் இழந்த குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பெயர்ந்தன. தமிழருக்கு எதிரான 1981 ஆகஸ்ட் வன்முறை சபரகமுவத் தோட்டங்களையும் தாக்கியது. அண்மைக் காலத்தில் புதிய தோட்ட வீடுகளுக்கு ஏழு பேர்ச் காணி வழங்கும் திட்டம் தொடங்கியது. லயங்களில் வாழ்வோரில் பெரும்பாலோருக்கு இன்னமும் காணி உறுதி இல்லை.