பொங்கல் குழம்புக்குள்ள ஒரு கப்பல் கதை



போன வருஷம் போகிக்கு முதல் நாள் சென்னையில இருந்து எங்க பொண்ணு போன் பண்ணுச்சு. "அப்பா, பொங்கல் குழம்புக்கு காய் வாங்க வந்திருக்கேன். மொச்சை இருக்கு, பரங்கிக்கீத்து இருக்கு. அவரைதான் சரியில்ல, முத்திப் போயிருக்கு. அதுக்குப் பதிலா கேரட்டும் பீன்ஸும் போட்டுடவா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்க அம்மா போனை வாங்கி, "பொங்கலுக்கு யாராச்சும் இங்கிலீஷ் காய் போடுவாங்களாடி? நாட்டுக்காய் போடு"ன்னு சொல்லிட்டாங்க. "ஏம்மா, போட்டா என்ன?"ன்னு அது கேட்டுச்சு. "எங்க மாமியார் போட்டதில்ல, நானும் போட்டதில்ல." அதோட போனை வச்சாச்சு.

எனக்கு அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகல. எது நாட்டுக்காய், எது இங்கிலீஷ் காய்? யாரு பிரிச்சு வச்சது? நான் பத்தாவது வரைக்கும் படிச்ச ஆளு. ஆனா முப்பது வருஷத்துக்கு மேல மண்ணுல கை வச்சிருக்கேன். ராத்திரி வாய்க்கா தண்ணி பாய்ச்சப் போறப்ப எல்லாம் இதையே யோசிச்சேன். லைப்ரரியில கிடைச்சதையும் எடுத்துப் படிச்சேன். இப்ப எனக்கு ஒரு கணக்கு கிடைச்சிருக்கு. அதை உங்ககிட்ட சொல்லிடறேன்.

எங்க ஊரு காவிரி கடைமடைப் பக்கம். இங்க பழைய வீடுகளுக்கு முன்னாடி வாசல், பின்னாடி கொல்லை. பொங்கலுக்கு வேண்டியது முக்காவாசி அந்தக் கொல்லையிலயே கிடைச்சுடும். பானையில கட்ட மஞ்சக்கொத்து, இஞ்சிக்கொத்து. இலைக்கும் பழத்துக்கும் வாழை. உடைக்கத் தேங்காய். வெத்தலையோட வைக்கக் கொட்டைப்பாக்கு. குழம்புக்குச் சேம்பு, சேனை, அவரை, பரங்கி, பூசணி.

பள்ளிக்கூடத்துல எங்க தமிழ் ஐயா பட்டினப்பாலை நடத்தினார். கரிகால் சோழனையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் பத்திக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. கிட்டத்தட்ட 2000 வருஷம் பழசு. அதுல சோழ நாட்டு வளத்தைச் சொல்றப்ப தென்னை, வாழை, பாக்கு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சின்னு வரிசையா அடுக்குவார். அன்னைக்கு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினதோட சரி. இந்த வருஷம் மறுபடி எடுத்துப் பார்த்தப்பதான் திக்குனு இருந்துச்சு. அது எங்க வீட்டுக் கொல்லை! எங்க அம்மா பொங்கப் பானைக்கு முன்னாடி பரப்பி வச்ச அதே சாமான். சோழர் போனாங்க, நாயக்கர் வந்தாங்க, மராட்டியர் வந்தாங்க, வெள்ளைக்காரன் வந்தான். பானையில கட்டுற மஞ்சக்கொத்து மட்டும் அப்படியே இருக்கு.

அப்போ நாட்டுக்காய்னா ஆதியில இருந்து இங்கேயே இருந்ததுன்னுதானே அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைச்சேன். பரங்கிக்காய்கிட்ட வந்ததும் கணக்கு உதைச்சுது.

பேரைக் கவனிங்க. பரங்கின்னா யாரு? கப்பல்ல வந்த வெள்ளைக்காரன். முக்கியமா போர்த்துக்கீசியனை அப்படித்தான் நம்ம ஆளுங்க கூப்பிட்டாங்க. சென்னையில இதை மஞ்சப்பூசணிங்கறீங்க, கோயம்புத்தூர் பக்கம் அரசாணிக்காய்ங்கறாங்க. எங்க பக்கம் மட்டும் அது வந்த வழியைப் பேருலயே எழுதி வச்சுட்டோம். பரங்கியோட தாய்வீடு அமெரிக்கா கண்டம். கொலம்பஸ் அங்க போய் இறங்கினது 1492. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுல வந்து இறங்கினது 1498. இந்த ரெண்டு பயணத்துக்கும் அப்புறம்தான் அந்தக் கண்டத்துச் செடியெல்லாம் கடல் தாண்டி நம்ம பக்கம் வர ஆரம்பிச்சுது. நம்ம நாகப்பட்டினத்துலயே போர்த்துக்கீசியர் குடியிருந்தாங்க. 1658-ல டச்சுக்காரங்க அவங்களைத் துரத்திட்டு அந்த இடத்தைப் பிடிச்சாங்க.

பரங்கி மட்டும் இல்ல. பொங்கல் குழம்புல கிடக்கிற சக்கரவள்ளிக்கிழங்கும் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாம் அதே ஊர்க்காரங்க. நம்ம ஊருல இருந்த பழைய ஆளுங்க பூசணி, அவரை, கத்திரி, புடலை, பாகல். ஆக, எங்க வீட்டம்மா நாட்டுக்காய்னு சொல்லிப் போடுற குழம்புல பாதி கப்பல்ல வந்தது.

இன்னொண்ணும் பாருங்க. மார்கழி மாசம் விடியக்காலையில வாசல்ல கோலம் போட்டு, சாணி உருண்டை பிடிச்சு வச்சு, அதுல ஒரு மஞ்சப்பூ செருகுவாங்களே, அது பரங்கிப்பூ. ஊரே சாமி மாசம்னு கும்பிடுற மாசத்துல நம்ம வாசல்ல உட்கார்ந்திருக்கிறது வெளிநாட்டுப் பூ. அதை யாரும் வெளியாளா நினைக்கறதில்ல.

அப்புறம் ஏன் கேரட்டையும் முட்டைக்கோஸையும் மட்டும் இன்னும் வெளியாளா வச்சிருக்கோம்?

அதோட கதை மலையில ஆரம்பிக்குது. 1820-கள்ல கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில வீடு கட்டினார். அங்க இருந்த குளிர் அவங்க ஊருக் குளிர் மாதிரியே இருந்துச்சு. தோட்டம் போட்டு அவங்க ஊரு காய்கறிகளைப் பயிர் பண்ணினார். இன்னைக்கு நீங்க மலர்க் கண்காட்சி பார்க்கப் போற ஊட்டி தாவரவியல் பூங்காகூட, 1840-கள்ல வெள்ளைக்காரக் குடும்பங்க மாசச் சந்தா போட்டு காய்கறிக்காக ஆரம்பிச்ச தோட்டத்துல இருந்து வந்ததுதான். 1899-ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ரயில் வந்துச்சு, 1908-ல ஊட்டி வரைக்கும் போச்சு. ரோடும் லாரியும் வந்தப்புறம் மலைக்காய் கீழ இறங்கி எல்லா ஊரு சந்தைக்கும் பரவிடுச்சு.

காலம் மட்டும் வித்தியாசம் இல்ல. விதையிலயும் வித்தியாசம் இருக்கு. இதை விவசாயி கண்ணாலதான் பார்க்க முடியும். கேரட்டும் முட்டைக்கோஸும் பூத்து விதை கட்டணும்னா நல்ல குளிர் வேணும். நம்ம சமவெளி வெக்கையில கேரட்டு கிழங்கு வச்சாலும் வைக்கும், விதை எடுக்கிறதுங்கிற பேச்சே கிடையாது. உருளைக்கும் விதைக்கிழங்கு வெளியில இருந்துதான் வரணும். ஒவ்வொரு வருஷமும் காசு கொடுத்து வாங்கணும். எந்தப் பாட்டியும் கேரட்டு விதையைச் சேலை முந்தானையில முடிஞ்சு பேத்திக்குக் கொடுத்தது கிடையாது.

பரங்கி அப்படி இல்ல. ஒரு காயை அறுத்தா ஊருக்கே கொடுக்கிற அளவுக்கு விதை. சக்கரவள்ளிக்கு விதைகூட வேண்டாம், ஒரு முழம் கொடி கொடுத்தாப் போதும். ஒருத்தர் கொல்லையில இருந்து அடுத்தவர் கொல்லைக்கு, பிறந்த வீட்டுல இருந்து புகுந்த வீட்டுக்குன்னு கை மாறிக் கை மாறியே சொந்தமாயிடுச்சு. நான் போட்ட கணக்கு இதுதான். எங்க பிறந்ததுங்கிறது இல்ல, கையால கொடுத்து வாங்கினதைத்தான் நம்ம ஜனங்க நாட்டுக்காய்னு சொல்றாங்க.

மிளகாயும் விதை கொடுக்குமே, திவசத்துச் சமையல்ல ஏன் சேர்க்கறதில்லன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்க பக்கம் நிறைய வீட்டுல திவசத்துக்கு மிளகுதான், மிளகாய் கிடையாது. மிளகாய்ங்கற பேரே மிளகுல இருந்து வந்தது, மிளகு மாதிரி உறைக்கிற காய். பட்டினப்பாலை காலத்துல காவிரிப்பூம்பட்டினத்துக்கு மிளகு மூட்டை மூட்டையா வந்து இறங்கியிருக்கு. அந்தப் பழைய ஆளு ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இடத்துல புதுசா வந்தவனுக்கு இடம் கிடைக்கல. அடுப்படி வரைக்கும் வந்தான், முன்னோருக்குப் படைக்கிற இலைக்கு வரல. செத்துப்போன நம்ம பாட்டன் பூட்டனுக்கு அவங்க அறிஞ்ச ருசியைத்தானே படைக்கணும்!

இந்தக் கணக்கெல்லாம் புஸ்தகம் பார்த்துப் போட்டது. ஆனா எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தது எங்க அம்மா.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க. ஆடி பொறந்ததும் அம்மா அடுப்படிப் பரண்ல இருந்து விதையை இறக்கும். அவரை விதை சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில இருக்கும். பரங்கி, பூசணி விதையைச் சாணியில வச்சு வரட்டி மாதிரி சுவத்துல தட்டி வச்சிருக்கும், பூச்சி அண்டாது. கொல்லையில அவரைக்கு ஒரு பந்தல், பரங்கிக்கு எருக்குழி ஓரம். எங்க அவரை ஓரத்துல ஊதாக்கரை ஓடுற பட்டை அவரை. அதுக்கு அவசரமே கிடையாது. எவ்வளவு உரம் போட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில பகல் பொழுது சுருங்கினாத்தான் பூக்கும். மார்கழியில பிஞ்சு, தைக்குக் காய். காலண்டர் இல்லாமலே அதுக்குப் பொங்கல் தெரியும்.

தை மாசம் அறுப்பு முடிஞ்சு நெல் அவிக்கிற அடுப்பு எரியும். அது அணைஞ்சதும் தணலுக்குள்ள சக்கரவள்ளிக்கிழங்கைப் புதைச்சுட்டு அக்காவும் நானும் பக்கத்துலயே குந்தியிருப்போம். தோல் கருகி உள்ள பாகு கட்டியிருக்கும். கையெல்லாம் கரி. எங்க பொண்ணு இப்ப சென்னை ஃப்ளாட்டுல அதையே ஓவன்ல வச்சுப் பேக் பண்ணுது. போன தடவை போனப்ப சாப்பிட்டுப் பார்த்தேன். புகை வாசனைதான் இல்ல, மத்தபடி அதே கிழங்குதான். பேரன் தோலோட சாப்பிட்டான்.

அக்காவை அரியலூர் பக்கம் கட்டிக் கொடுத்தோம். வருஷா வருஷம் பொங்கல் சீர் நான்தான் கொண்டுபோவேன். பச்சரிசி, வெல்லம், தேங்காய், வாழைப்பழம், கரும்பு, மஞ்சக்கொத்து, பெரிய பரங்கி ஒண்ணு. எல்லாம் எடுத்து வச்சப்புறம் அம்மா ஒரு துணியில அவரை விதையை முடிஞ்சு கூடையில போடும். "போன வருஷம்தானே கொடுத்தே, அக்காகிட்ட இருக்காதா?"ன்னு ஒரு தடவை சலிச்சுக்கிட்டேன். "ஒரு வீட்டுல இருந்தா எலி திங்கும். நாலு வீட்டுல இருந்தா எங்கயாச்சும் இருக்கும்டா"ன்னுச்சு. கிழவி பேச்சுன்னு நினைச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

அம்மா போய்ச் சேர்ந்தப்புறம் சீர் கொண்டுபோறது பணம் கொடுக்கிறதா மாறிடுச்சு. ஆயிரம் ரூபாயைக் கையில கொடுத்துட்டு அன்னைக்கே திரும்பிடுவேன். விதை முடிச்சு போடறதை விட்டுட்டேன்.

2018 நவம்பர் 16, விடியக்காலையில கஜா புயல் எங்க பக்கம் கரை ஏறுச்சு. அந்த ராத்திரியைப் பத்தி எழுத எனக்குத் தெம்பு இல்ல. தென்னை எல்லாம் பிடுங்கி எறிஞ்ச மாதிரி கிடந்துச்சு. அடுப்படிக் கீத்துக்கூரை போச்சு. அவரைப் பந்தல் எங்க விழுந்துச்சுன்னே தெரியல. பரண்ல இருந்த குடுக்கை சேத்துல கிடந்துச்சு, உள்ள இருந்த விதையெல்லாம் ஊறி அழுகிப்போச்சு. தென்னைக்கு அழுதப்ப கூட அழுதவங்க நிறையப் பேர். அந்தக் குடுக்கையை வச்சுக்கிட்டு நான் தனியாத்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான், அதையும் காப்பாத்தத் தெரியலையேன்னு.

அடுத்த தைப்பொங்கலுக்கு வீட்டுல பெருசா ஒண்ணும் பண்ணல. மாட்டுப்பொங்கல் கழிச்சு அக்கா ஒயர் கூடையோட பஸ்ல இருந்து இறங்கி வந்துச்சு. அரிசி, வெல்லம், ஒரு பரங்கி. பிறந்த வீட்டுக்கு அக்கா சீர் கொண்டுவந்த கதை எங்க ஊருலயே அதுதான் முதல் தடவையா இருக்கும். கூடைக்கு அடியில ஒரு துணி முடிச்சு. பிரிச்சா சாம்பல் கலந்த அவரை விதை.

"அம்மா கொடுத்ததுடா தம்பி. வருஷம் தவறாம எங்க வேலியில போட்டு எடுத்துக்கிட்டு வர்றேன்"ன்னுச்சு.

அந்த ஆடியில பதினொரு குழி போட்டேன். ஒன்பது முளைச்சுது. மார்கழியில ஓரத்துல ஊதாக்கரையோட முதல் பிஞ்சைப் பார்த்தப்ப, அம்மா சொன்ன நாலு வீட்டுக் கணக்கு எனக்குப் புரிஞ்சுது.

இப்ப மார்கழி கடைசி. பொண்ணு வீட்டுக்குப் போற பையைக் கட்டி வச்சிருக்கேன். மஞ்சக்கொத்து வாடாம இருக்க ஈரச்சாக்குல சுத்தியிருக்கு. இந்தத் தடவை அவரைக்காய் ரெண்டு கிலோ இருக்கு, கேரட்டுக்கு வேலையில்ல. கூடவே ஒரு விதை முடிச்சு. ஆடி வரைக்கும் பத்திரமா வச்சிருந்து மொட்டைமாடித் தொட்டியில நாலு போடச் சொல்லியிருக்கேன். மீதியைப் பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேருக்குக் கொடுத்துடும்மான்னும் சொல்லியிருக்கேன்.

உங்களுக்கும் இந்தப் பொங்கலுக்கு யாராச்சும் பரங்கிக்காய் கொடுத்தா, அறுக்கிறப்ப விதையைக் குப்பையில போடாதீங்க. நல்லா முத்தின காயா இருந்தா கழுவி நிழல்ல உலர்த்தி, சாம்பல் கலந்து ஒரு காகிதத்துல மடிச்சு வைங்க. ஆடிக்கு ரெண்டு பேருக்குக் கொடுங்க.

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துக்கள்.