பாம்பறிந்த பிள்ளைகள்: திருவிடந்தைக் கரையின் கல்வி வரலாறு

திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலில் ஆதிவராகர் ஆதிசேடன் தலைமேல் ஒரு திருவடியை ஊன்றி நிற்க, தெற்கே மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தின் நடுப்பிளவில் நாகராசனும் நாகினியும் கைகூப்பி மேலெழுந்து வருகின்றனர். இக்கரையில் வளர்ந்த குழந்தைக்குப் பாம்பு முதலில் கல்லில், வணங்குதற்குரிய வடிவில் அறிமுகமாயிற்று எனலாம். விளையாட்டு கற்பித்ததோ வேறு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் தாயம் உருட்டி ஆடும் பரமபதத்தில், புண்ணியம் ஏணியாக உயர்த்த, தீவினை பாம்பாக விழுங்கிக் கீழே தள்ளும். எண் எழுத்து அறியாத பிள்ளையும் அந்தப் படத்திலிருந்து அச்சத்தைக் கற்றுக்கொள்ளும். தெருவிலோ, இராமனின் தாகத்துக்கு அணில் நீர் கொடுத்ததாகவும் ஓணான் சிறுநீர் கொடுத்ததாகவும் வழங்கும் கதையைக் காரணம் காட்டி, தென்னை ஈர்க்கில் சுருக்கிட்டு ஓணானைப் பிடித்து வதைப்பது சிறுவர்களுக்கு ஓர் ஆட்டமாகவே இருந்தது. ஊர்வனவற்றுக்குக் கோயிலில் கும்பிடு, தெருவில் வதை என்ற இந்த முரண்பாடு எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கல்வி ஒன்று செங்கல்பட்டுப் பகுதி இருளர் குடும்பங்களில் இருந்தது. வில்லியர் என்றும் அழைக்கப்பட்ட இம்மக்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் எழுதியுள்ளார். வயல் வரப்பில் எலி வளை தோண்டவும், மழைக்குப்பின் ஈசல் பிடிக்கவும், மூலிகை பறிக்கவும் பெற்றோர் செல்லும்போது குழந்தைகளும் உடன் சென்றனர். அவர்களுக்கு அதுவே விளையாட்டு, அதுவே பாடம். மண்ணில் பதிந்த தடம் எத்திசையில் செல்கிறது, வளையின் வாய் ஊர்ந்து ஊர்ந்து வழவழப்பானதா, அருகில் கிடக்கும் சட்டை, அதாவது பாம்பு உரித்த தோல், எந்தப் பாம்பினுடையது, எச்சம் புதியதா பழையதா என்பவை ஒவ்வொன்றும் கண்ணால் வாசிக்க வேண்டிய எழுத்துகள். சாரைக்கும் நல்ல பாம்புக்கும் வேறுபாடு அறியாதவன் பிழைத்திருக்க முடியாது என்பதால், இக்கல்வியில் தேர்வும் உயிரோடு இணைந்தது. பாம்போடு தொடர்புடைய கன்னியம்மனை வழிபட மாசிமகத்தன்று இருளர் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுவதும் பிள்ளைகளோடுதான்.

இந்த அறிவைச் சந்தை முதலில் விலைக்கு வாங்கியது தோலுக்காக. தோல் வணிகர்களுக்காக நெடுங்காலம் பாம்பு பிடித்த இக்குடும்பங்களின் பிழைப்பை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அடைத்துவிட்டன; பாம்பைக் காத்த சட்டம் பாம்பை அறிந்தவனை மறந்தது என்றே கூற வேண்டும். முதலில் சேலையூரில் தோன்றி 1972இல் கிண்டிக்கு மாறிய பாம்புப் பண்ணையை அமைத்த ரோமுலஸ் விட்டேக்கர், இருளரிடமே பாம்பு பிடிக்கும் நுட்பம் பயின்றவர். அவரும் ஜாய் விட்டேக்கரும் பிறரும் திருவிடந்தைக்கு அடுத்த வடநெம்மேலியில் 1976இல் முதலைப் பண்ணையைத் தொடங்கினர். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவது சங்கத்தின் முறை. அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு நஞ்சுமுறி மருந்து உருவாகிறது. மண்பானையிலிருந்து பாம்பை எடுத்து நஞ்சைக் கறக்கும் காட்சியைத் தந்தையின் தோளில் அமர்ந்து பார்க்கும் நகரத்துக் குழந்தைக்கு, பரமபதப் பலகை சொல்லாத ஒன்று தெரிகிறது: பாம்பு துரத்தி வருவதில்லை, ஒதுங்கவே இடம் தேடுகிறது. இதே காலத்தில், 1970களில் தொடங்கிய ஆமை நடைகளும் குறிப்பிடத்தக்கவை. மீனவர் பங்குனி ஆமை என்றழைக்கும் கடலாமை முட்டையிடும் இரவுகளில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காக்கும் இப்பணியை, 1988 முதல் சென்னை மாணவர்கள் தங்கள் அமைப்பின்வழி தொடர்ந்து வருகின்றனர்.

பள்ளிக்கூடம் இருளர் பிள்ளையை எப்படி நடத்தியது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. ஜாய் விட்டேக்கர் எழுதிய, காளி என்னும் இருளச் சிறுவனும் ஒரு சாரைப்பாம்பும் வரும் படக்கதையில், ஈசல் தின்பவன் என்று வகுப்பில் ஒதுக்கப்பட்ட காளி, அறைக்குள் பாம்பு நுழைந்ததும் அதைப் பிடித்து மதிப்புப் பெறுகிறான். கதை நல்ல கதைதான். ஆயினும் மதிப்புப் பெறுவதற்கு ஒரு பாம்பு வகுப்பறைக்குள் வந்தாக வேண்டியிருந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்து இருளரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பள்ளிக் கல்வி பெறாதவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அழைக்கப்பட்டபோது, உள்ளூர் வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் சாலையோரங்களில் தேட, இவர்கள் நேரே அடர்ந்த புதருக்குள் இறங்கித் தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தனர்.