பெனிடோர்ம்

பெனிடோர்ம் ஸ்பெயின் நாட்டின் அலிகாந்தே மாகாணத்தில், மத்தியதரைக் கடலோரம் அமைந்துள்ள ஒரு சுற்றுலா நகரமாகும். மீன்பிடிச் சிற்றூராக இருந்த இது, 1956 ஆம் ஆண்டின் நகரமைப்புத் திட்டத்திற்குப் பின்னர் வானளாவிய விடுதிகள் நிறைந்த நகரமாக வளர்ந்தது.

பழைய நகரம் அமைந்துள்ள பாறைமுனை கடற்கரையை இரண்டாகப் பிரிக்கின்றது. கிழக்கிலுள்ள லெவாந்தே கடற்கரையும் அதன் பின்புறத் தெருக்களும் மதுக்கூடங்கள், இரவு விடுதிகளால் விடியும்வரை ஆரவாரமாக இருக்கும். மேற்கிலுள்ள பொனியெந்தே அதனினும் நீளமானது, அமைதியானது. குழந்தைகளுடன் வருவோருக்கு இதுவே ஏற்றது. ஆகவே தங்கும் விடுதியைத் தெரிவு செய்யும்போது, அதன் நட்சத்திரத் தகுதியைவிட அது எப்பக்கம் உள்ளது என்பதே முக்கியமாகும். குளிர்காலம் மிதமானதாகையால் பிரித்தானிய ஓய்வூதியர் பலர் அப்பருவத்தில் வந்து தங்குகின்றனர்.

மழை குறைந்த இப்பகுதியில் இத்தனை விடுதிகளுக்கு நீர் வழங்குவது எளிதன்று. 1978 ஆம் ஆண்டு வறட்சியின்போது கப்பல்களில் நன்னீர் கொண்டுவர நேர்ந்தது.