பூஞ்சை தந்த மாத்திரை



இரவில் நான் போடும் கொழுப்பு மாத்திரைக்குப் பின்னால் ஒரு பூஞ்சையின் கதை உண்டு.

அகிரா எண்டோ 1933-ல் ஜப்பானில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே காளான்கள் மீது அவருக்கு ஆர்வம். நம் உடலில் கொலஸ்ட்ரால் இருப்பதுபோல, பூஞ்சைகளின் செல் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. அது இல்லாமல் சவ்வு சரியாக இயங்காது. இரண்டும் உருவாகும் பாதையில் தொடக்கப் படிகள் ஒன்றே. ஆகவே எதிரியை ஒடுக்க, அந்தப் பாதையை அடைக்கும் பொருளை ஏதோ ஒரு பூஞ்சை சுரக்கக்கூடும் என்று எண்டோ கணித்தார்.

1971-ல் தேடத் தொடங்கி, 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். கடைசியில், கியோட்டோ தானியக் கடை ஒன்றின் அரிசியில் இருந்த பெனிசிலியம் பூஞ்சை கைகொடுத்தது. அதில் கிடைத்ததே காம்பாக்டின். நாய்களிடம் நடந்த சோதனையில் ஐயம் எழவே, 1980-ல் அவருடைய நிறுவனம் அதைக் கைவிட்டது. ஆனால் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின், 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழிகாட்டிய எண்டோ 2024-ல் மறைந்தார்.

"ரொட்டியைக் கெடுப்பது பூஞ்சை" என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்தப் பாடத்தை இன்று திருத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று. போன வருடம் 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று நானாகவே இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தினேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் திட்டினார். அவர் என்னிடம் படித்த பிள்ளை! தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். நீங்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

நலமுடன் இருங்கள்.