பகலில் பூட்டிய வீடும் நாயும்

திருவனந்தபுரத்தில் நாய் வளர்க்கலாமா என்று யோசிக்கும் இளம் தம்பதிகள் முதலில் தங்கள் வேலை நேரத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். 1990-இல் தொடங்கிய கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் இருவருக்கும் வேலை என்றால், போக்குவரத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரமாவது வீடு பூட்டிக் கிடக்கும். ஆகவே நீண்ட வேலை நேரம்தான் தடை என்று தோன்றும். இந்த ஊரின் பழைய வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. விழிஞ்ஞத்தில் இருட்டோடு கடலுக்குப் போனவரும் விடியுமுன் வயலில் இறங்கியவரும் குறைவாகவா உழைத்தார்கள்? அவர்களுடைய ஊர்களிலும் நாய்கள் வளர்ந்தன. பகலில் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்ற நிலைதான் இன்று இல்லாமல் போயிருக்கிறது.

அது எப்படிப் போனது என்பதற்குச் சட்டப் புத்தகங்களிலேயே தடயம் உண்டு. தறவாடு எனப்படும் தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீட்டில் பாட்டி, தாய்மாமன், சகோதரிகள், பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அங்கே நாய் இன்னாருடையது என்பதைவிட வீட்டுடையது என்பதே பொருத்தம். மிஞ்சிய கஞ்சியைப் புழக்கடையில் யாராவது ஊற்றுவார்கள், அது குடித்துவிட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். 1925-இல் வந்த திருவிதாங்கூர் நாயர் ஒழுங்குமுறைச் சட்டம் தறவாட்டுச் சொத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரிக்க வழிவிட்டது. பெரிய வீடுகள் உடைந்து சிறு குடும்பங்களாயின. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் கேரளத்தில் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே முடித்துவைத்தது. எழுபதுகளில் வளைகுடாவுக்கு ஆண்கள் போனபோதும் பல வீடுகளில் மனைவியும் முதியவர்களும் இருந்ததால், மதில் கட்டிய புது வீட்டில் நாய்க்குத் துணையும் இருந்தது, காவல் வேலையும் இருந்தது. கணவன் மனைவி இருவரும் காலையில் கிளம்பிவிடும் அடுக்குமாடி வீடு வந்த பிறகுதான் நாய் முழுப் பகலும் தனியாகக் கிடக்க நேர்ந்தது.

அந்தக் காலத்து நாய் என்ன சுகத்தைக் கண்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குத் தடுப்பூசி இல்லை, மருத்துவர் இல்லை; மனிதரை வெறிநாய் கடித்தால் ஊசி போடும் பாஸ்டர் நிலையம் குன்னூரில் வந்ததே 1907-இல்தான். உணவிலும் மருத்துவத்திலும் இன்றைய நாய் எவ்வளவோ மேல். ஆனால் மனித அரவமும் நடமாட்டமும் அந்தக் காலத்து நாய்க்குத் தட்டாமல் கிடைத்தன. இவற்றை ஈடுசெய்யும் தீவனம் எந்தக் கடையிலும் இல்லை.

சட்டமே அனுமதிக்கிறதே என்பது இன்னொரு வாதம். 2021-இல் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடார் அடித்துக் கொல்லப்பட்டபோது, கேரள உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு, குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போடுவது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அருமையான தீர்ப்பு அது. எனினும் அது சங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. வளர்ப்பவரின் கடமையை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் முன்பே எழுதிவைத்திருக்கிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது அச்சட்டப்படி வதை. முதல் முறை அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான் என்பதால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது பெரிய குறை.

வளர்ந்த நாய் பகலில் பாதி நேரம் தூங்கும், ஆள் வைத்து நடைக்கும் அனுப்பலாம் என்பார்கள். இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தறவாட்டில் சும்மா கிடைத்த ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. அந்தச் செலவை நாய் வாங்குமுன் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பெற்றோர் உடனிருக்கும் வீட்டிலும், மதியம் ஒருவர் தவறாமல் வந்து கதவைத் திறக்கும் வீட்டிலும் தாராளமாக வளர்க்கலாம். அதற்கு வழியில்லாதவர்கள் இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது, குட்டியென்றால் கண்டிப்பாக. இரண்டு மாதக் குட்டியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோயாக வேண்டும்.